கணவர்கள் வெளியே நிற்கவும்

யூசுப் நானா போய்விட்ட செய்தி வந்தபோது நான் சைகோனின் பென் தான் சந்தைக்குப் பின்புறம் ஒரு கீரைக்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொத்தமல்லி வாடியிருக்கிறது என்றேன். இல்லவே இல்லை என்று சாதித்தாள். அப்போது துங் போனில் கூப்பிட்டார். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், நானாவோடு ஒரே அறையில் குடியிருந்தவர். "அன் போயிட்டாரு" என்றார். அன் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அண்ணன். நான் அந்த வாடிய கொத்தமல்லியையே வாங்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தேன். சாம்பார் வைத்தேன், பொரியல் செய்தேன், சாப்பாட்டு டப்பாக்களைப் பைகளில் அடுக்கினேன். அடுக்கி முடித்த பிறகுதான் இவற்றை எடுத்துப்போக இனி அவர் வரவே மாட்டார் என்பது உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். டிஸ்ட்ரிக்ட் 1 அலுவலகங்களில் என் மெஸ் சாப்பாடு சாப்பிடுகிறவர்களுக்கு அவர் மழையிலும் நேரம் தவறாமல் வரும் மனிதர். த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு, வெள்ளிக்கிழமை சுண்டல் வாளியை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பாய். மெல்லிய மீசை, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. காரைக்காலிலிருந்து வந்த துணி வியாபாரிக்கும் சைகோன் பெண்ணுக்கும் பிறந்தவர். எழுபத்தைந்தில் ஆட்சி மாறியபோது நம்மவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மனைவியை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட சிலரில் அவருடைய வாப்பாவும் ஒருவர். நானாவின் தமிழ் முழுக்க அந்த ஒரு மனிதரிடமிருந்து வந்தது. நான் செட்டிநாட்டுக்காரி என்று தெரிந்ததும் ஆச்சி என்றார். காரைக்கால் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற வழக்கப்படி நான் அவரை நானா என்றேன். எங்களுக்குள் வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை.

பாதிப் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "நான் மவுத்தான பொறவு எழுதுங்க ஆச்சி. அதுக்கப்புறம் என்னய யாரும் நிறுத்திவச்சிக் கேள்வி கேக்க முடியாதுல்ல" என்றார்.

இந்த ஊருக்கு வந்த புதிதில் தெருவைக் கடக்க எனக்குத் தெரியாது. பைக்குகள் வெள்ளமாக வரும். நான் நடைபாதையில் நின்றுகொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் அதற்குள் சிங்கப்பூருக்கு வேலை பார்க்கப் போய், அங்கேயே ஒரு குடித்தனமும் பார்த்துக்கொண்டிருந்தார். கைபிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை. ஆப்பில் வந்த ஆர்டரை எடுத்துப்போக வந்த நானாதான் என்னை அக்கரை சேர்த்தவர். "நிக்கப்படாது ஆச்சி. ஓடவும்படாது. மெல்ல நடந்துக்கிட்டே ஈக்கணும். அவங்க நம்மள சுத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். கொஞ்ச நாளில் ஆப்பை விட்டுவிட்டு மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். அவர் சந்தையையும் டெலிவரியையும் பார்த்துக்கொண்டார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார். "ஆச்சி, நான் பொறந்தப்ப பொம்பளப் புள்ளன்னுதான் எழுதுனாங்க. அடையாள அட்டையில இன்னும் அப்புடித்தான் ஈக்கிது." எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. "சரி நானா, அந்த வெங்காயத்த முடிச்சுக் குடுத்துட்டுப் பேசுங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தோலெல்லாம் பறந்தது. பிறகு நிறையச் சொன்னார். வருஷக்கணக்காக ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வதை, அதனால் குரல் உடைந்ததை, மாதவிலக்கு நின்றதை. அவர் ஆண் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் எனக்கும் இருக்கவில்லை.

அம்மன் கோயிலுக்கு வருகிற இந்த ஊர்ப் பெண்கள் கர்ப்பகிரகத்தின் பின்சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வேண்டுவதைக் கல்லுக்குள் கிசுகிசுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை வாளியை இறக்கிவிட்டு நானாவும் அந்தச் சுவரில் நெற்றியை வைத்தார். வெகுநேரமாகியும் தலையை எடுக்கவில்லை. சுண்டல் ஆறிப்போகிறதே என்று நான் முணுமுணுத்தேன். "அங்ஙன என்ன நானா ரகசியம்?" என்று கேட்டதற்கு, மூலத் தொந்தரவு என்றார். நான் இந்தியக் கடைகளில் தேடிப்பிடித்துக் கருணைக்கிழங்கு வாங்கி மசியல் செய்து போட்டேன். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். பிடிக்காத கிழங்கை அவர் அப்படிச் சாப்பிட்டதே எனக்கு விசித்திரமாக இருந்தது.

மழைக்காலத்தில்தான் உண்மை வெளியே வந்தது. நனைந்து வந்து மழைக்கோட்டைக் கழற்றியவரின் கால்சட்டையில் ரத்தம். மூலத்தில் இவ்வளவா என்று பதறினேன். "அது இல்ல ஆச்சி. முன்னாடி வழியா வருது" என்றார். பல வருஷம் முன்பே நின்றுபோனது, மாதக்கணக்காக நினைத்த நேரமெல்லாம் கசிகிறது, இடுப்பிலும் வலி. உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குள்ள ஒரு ரூம்பு ஈக்கிது ஆச்சி. பூட்டிட்டேன். ஒருநாளும் லைட்டு போட்டுப் பாத்ததில்ல. இப்ப அங்கேந்து ஒழுவுது."

ஒரு பெண்கள் மருத்துவமனைக்குப் போக ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதற்கு என்றேன். "அவமானப்படப் போறப்ப நல்ல சட்ட போட்டுக்கணும் ஆச்சி" என்றார். வாசலில் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் வரிசையாகக் கணவர்கள், கையில் ஐஸ் காப்பி. கண்ணாடிக் கதவருகே நீலச் சட்டை போட்ட வயதான காவலர். நாங்கள் இருவரும் நெருங்கியதும் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். நானாவின் முன்னால் கையை நீட்டி மறித்தார். "கணவர்கள் வெளியே நிற்கணும். பயப்படாதீங்க தம்பி, உங்க மனைவிய நல்லா பாத்துக்குவாங்க" என்று தோளில் தட்டிக்கொடுத்து, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அப்போது நானாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண் வீட்டார் மாலையோடு எதிர்கொண்டழைத்த மாப்பிள்ளையின் முகம். நான் காவலரிடம் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். நானா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். பிறகு காவலருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் அவரிடம் சிகரெட்டை நீட்டி, முதல் குழந்தையா என்று கேட்டது கதவு மூடுவதற்குள் என் காதில் விழுந்தது. ஆமாம் என்றார் மனிதர். உள்ளே ஒலிபெருக்கி வரிசையாகப் பெண்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எந்த நோயும் இல்லாத நான் அங்கே நடுவில் நின்றேன்.

வெளியே வந்து பைக் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன நானா செய்றீக? உசுரு போற காரியம்!"

"அவரு என்னய ஆம்பளன்னு பாத்துட்டாரு ஆச்சி. யூனிபாரம் போட்ட காவல்காரரு. யாரும் சொல்லிக்குடுக்காம, அவராப் பாத்தாரு. நான் எந்திரிச்சிப் போயி, இல்லீங்க நாந்தான் பொம்பள, என்னய உள்ள வுடுங்கன்னு எப்புடிச் சொல்லுவேன்?"

"பொம்பளைன்னு எதுக்குச் சொல்லணும்? நோயாளின்னு சொல்லுங்க. ஆம்பளைக்குக் கர்ப்பப்பை இருந்தா அதுக்கு வைத்தியம் கிடையாதுன்னு எவன் சொன்னான்?"

"அந்த வாசல்ல அப்புடி ஒரு ஆளுக்கு எடமில்ல ஆச்சி. உள்ள போனா பொம்பள. வெளிய நின்னா புருசன். ரெண்டுதான் ஈக்கிது."

இத்தனைக்கும் அந்தக் காவலர் நல்ல மனிதர். முரடராக இருந்திருந்தால் நானா சண்டை போட்டாவது உள்ளே போயிருப்பார். சண்டை அவருக்குப் பழக்கம்தான். அன்பாகச் சொன்ன ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டுப் போகத்தான் பழகியிருக்கவில்லை. நிற்காதீர்கள் என்று எனக்குத் தெருவைக் கடக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த வாசலில் நின்றுவிட்டார்.

அதன் பிறகு நான் படாத பாடில்லை. கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரிடம் போகாமல் சாப்பாட்டுப் பையைத் தொடக் கூடாது என்று விரட்டினேன். விரட்டிய பிறகு ஆளைக் காணாமல் துங்கின் கடையில் போய்க் காவல் கிடந்தேன். துங்கும் நானாவைப் போன்றவர்தான். அவருக்கும் ஒரு பூட்டிய அறை உண்டு. அதனால் அவரும் நானாவை வற்புறுத்தத் தயங்கினார். "எங்களில் யாருமே போவதில்லை ஆச்சி" என்றார் வியட்நாமியத்தில். துங்கும் அவருடைய கூட்டாளிகளும் நானாவைக் கேட்டு என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நானா மேலும்தான்.

கடைசியில் துங்கின் வாடிக்கையாளர் ஒருவர் மூலம் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். ஒரு சந்துக்குள், மாடியில் சின்ன கிளினிக். காலையில் மற்ற நோயாளிகள் வருவதற்கு முன்பே வரச் சொன்னார். போனதும் படுக்கச் சொல்லவில்லை; உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். அன் யூசுப் என்றார் நானா. "உள்ளே இருப்பதை நீங்கள் என்ன சொல்லிக் குறிப்பிடுவீர்கள்? நானும் அதையே சொல்கிறேன்" என்றார். நானா வெட்கத்தோடு, அறை என்றார். அதன் பிறகு அந்த டாக்டர் வேறு சொல் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு உள்ளே வறண்டுபோயிருக்கும், மற்றவர்களைவிட வலிக்கும், அதனால் மரத்துப்போகக் களிம்பு தடவுகிறேன், இருப்பதிலேயே சின்னக் கருவியைத்தான் எடுக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "இப்போது அறைக் கதவைத் திறக்கிறேன். வலித்தால் கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன்." நானா பாதியில் கையைத் தூக்கினார். டாக்டர் நிறுத்தினார். நானா மறுபடி தலையசைக்கும் வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் நானா என் கையை விடாமல் கேவிக் கேவி அழுதார். "இவ்வளவுதானா ஆச்சி? லைட்டு போட்டாங்க, பாத்தாங்க, அவ்வளவுதானா? இதுக்கா பயந்து கெடந்தேன்?" என்றார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகு காட்டிக் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

அன்று பரிசோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வந்ததும் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். கர்ப்பப்பை வாயில் புற்று, பக்கங்களுக்கெல்லாம் பரவிவிட்டது. சில வருஷம் முன்னால் வந்திருந்தால் சின்னப் புண்ணாக இருக்கும்போதே எடுத்திருக்கலாம் என்றார். கர்ப்பப்பை வாய் இருக்கிற எல்லோரும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மீசை இருக்கிறதா என்று அந்த நோய் பார்ப்பதில்லை. ஒரு விளக்கு, ஒரு சின்னக் கருவி, மரியாதையாக நாலு வார்த்தை. நானா செத்தது இவை காலத்தில் கிடைக்காமல்தான்.

சிகிச்சை பெரிய மருத்துவமனையில். கட்டில் கொடுத்தது பெண்கள் வார்டில். நானா உள்ளே காலெடுத்து வைத்ததும், ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று ஒரு கிழவி கூச்சல் போட்டாள். அவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வராந்தாவில் நோயாளிகளின் கணவர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அவர்களோடு ஒரு பாயை விரித்துக்கொண்டார். காலிக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பதால் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு நான் அதில் படுத்துக்கொண்டேன். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். புற்றுநோய்க்காரர் வெளியே தரையில். கல்லுக்குண்டாட்டம் இருக்கிற நான் உள்ளே கட்டிலில். விஷயம் தெரிந்த ஒரு நர்ஸ் மட்டும் கண்டும் காணாதது போல மருந்தை வராந்தாவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். கதிர்வீச்சுக்குக் கூப்பிடும்போது அவரே எழுந்து போய்விட்டு வருவார்.

வார்டில் எல்லோரும் என்னைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள். கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள், தைரியமாக இரு என்று தலையைத் தடவினார்கள். பக்கத்துக் கட்டில் பெண்மணி கண்ணாடிச் சுவர் வழியாக வராந்தாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். "உன் வீட்டுக்காரர் உன்மேல உசுரையே வச்சிருக்கார். பாரு, உன்னை நினைச்சு நினைச்சு எப்படி எலும்பும் தோலுமாப் போயிட்டார்" என்றாள் ஒருநாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அவள் நான் வலியில் துடிக்கிறேன் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டாள்.

அங்கேதான் அவருடைய லாத்தா வந்தார். உடன்பிறந்த அக்காள், தாய் வழியோடு வளர்ந்து தமிழை மறந்தவர், பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. துங் போய்ச் சொல்லியிருக்கிறார். நானா சிகிச்சை அறைக்குப் போயிருந்த நேரம். பழைய பெண் பெயரைச் சொல்லி, எங்கே என்று வராந்தாக்காரர்களிடம் விசாரித்திருக்கிறார். "அப்படி யாரும் இல்லையே. இந்தப் பாய் யூசுப்புடையது. அவர் மனைவிதான் பாவம், உள்ளே கட்டிலில் கிடக்கிறாள்" என்று ஒருவர் என்னைக் கைகாட்டினார். அந்த அம்மாள் வாசலில் நின்று என்னையே பார்த்தார். பிறகு ஆரஞ்சுப் பழப் பையைப் பாயின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நானா வந்து பழத்தைப் பார்த்து யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். ஒரு பழத்தை உரிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

எந்த மருந்துக்கும் மசியவில்லை. இனிமேல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்ன அன்று, பாயைச் சுருட்டிய என்னிடம், "கடைசி வரைக்கும் இந்த வரிசையிலேயே ஈந்துட்டேன் பாத்தீங்களா ஆச்சி" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. பாயை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். துங்கின் அறையில் சில நாள் கிடந்தார். வலியைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு கிடந்தார். நான் சந்தைக்குப் போயிருந்த காலையில் போய்விட்டார்.

உடலை லாத்தா கேட்டு வாங்கிப் போனார். இறுதிக் காரியமெல்லாம் இந்த ஊர் முறைப்படி. நானும் துங்கும் போனபோது ஊதுகொம்பும் மேளமும் முழங்கிக்கொண்டிருந்தன. சவப்பெட்டிக்கு முன்னால் படம் வைத்திருந்தார்கள். இந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் ஆவ்யாய் என்ற நீள அங்கியை வெள்ளையில் உடுத்து, நீளக் கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் படம். துங் அதைப் பார்த்ததும் திரும்பி வெளியே போய்விட்டார். நான் போகவில்லை. இந்த அநியாயத்துக்காவது இன்று வாயைத் திறந்துவிடுவது என்று லாத்தாவைத் தேடினேன். அவர் உறவுக்காரர்கள் ஒவ்வொருவர் தலையிலும் துக்கத்துக்குரிய வெள்ளைத் துணிப் பட்டையைக் கட்டிக்கொண்டே என் பக்கம் வந்தார். உறவு இல்லாதவர்களுக்கு அது கிடையாது. என் முன்னால் நின்றார். கையில் ஒரு பட்டை மீந்திருந்தது. வியட்நாமியத்தில் தம்பி பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படிக் கூப்பிட்டு, "குனிஞ்சுக்கோ" என்றார்.

தாலி கட்டியவர் சிங்கப்பூரில் சௌக்கியமாக இருக்கிறார். கழுத்தில் தாலி கிடக்கிறது. அறுத்தவள் கட்டிக்கொள்ள வேண்டிய துணி அது. என் அம்மா பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பார். நான் குனிந்தேன். அந்தப் பெண்மணி முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு, என்னைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். படத்தை மாற்றவில்லை. மாற்ற அவரிடம் வேறு படம் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அந்த வீட்டில் அத்தனை பேர் முன்னிலையில் அவரே சொல்லிவிட்டார். அதைக் கேட்க நானாதான் இல்லை.

துக்கம் கழிந்ததும் அந்தத் துணியை எரித்துவிட வேண்டும் என்பது இங்கே வழக்கம். எல்லோரும் எரித்துவிட்டார்கள். நான் அதை மடித்து மெஸ்ஸில் மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று துங் போன வாரம் கேட்டார். "நீங்க என்னோட அந்த டாக்டர்கிட்ட வர்ற அன்னிக்கு எரிப்பேன். எந்த வாசல்ல யார் மறிச்சாலும் இவர்தான் நோயாளின்னு நான் சொல்றேன். நீங்க வந்தாப் போதும்" என்றேன். யோசிக்கிறேன் என்றார். நாளை, மறுநாள் என்கிறார். நேற்று கால்சட்டைக்கு மேல் இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். என்ன துங் என்று கேட்டேன். மூலம் என்றார்.

துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.